காருக்கும் உண்டு ரத்த அழுத்தம்!

மனிதனுக்கு ரத்த அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? தலை சுற்றும். கை, கால் நடுங்கும். கவனிக்காமல் விட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

காருக்கும் அப்படித்தான்!

காரின் ரத்தம், என்ஜினுக்குள் ஓடும் எண்ணெய். அந்த எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் ஆபத்து. கவனிக்காமல் ஓட்டினால், சில நிமிடங்களில் என்ஜினே பாழாகிவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்களைப் பயமுறுத்தும் நோய்கள் இரண்டு. ஒன்று, எண்ணெய் அழுத்தம் குறைவது. மற்றொன்று, என்ஜின் சீராக ஓடாமல் உதறுவது.

இரண்டும் சேர்ந்து வந்தால்? "என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்" என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். டாக்சி ஓட்டிப் பிழைக்கும் குடும்பமாக இருந்தால், வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது.

ஆனால், அந்த முடிவு எப்போதும் சரியாக இருப்பது இல்லை. சில சமயம் கோளாறு ஒரு சிறிய ஸ்பிரிங்கில் இருக்கும். சில சமயம் ஒரு முழ வயரில் இருக்கும்.

பிரிப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். அது எப்படி? இதோ விளக்கம்.

சிதறால் ஏற்றத்தில்...

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தில் இருந்து சுமார் 7 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, சிதறால். அங்குள்ள மலையின் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்க்க, பல ஊர்களில் இருந்தும் மக்கள் வருகிறார்கள்.

ரப்பர் தோட்டமும், வாழைத் தோட்டமும் நிறைந்த பகுதி. ஏறி, இறங்கி, வளைந்து செல்லும் பாதை. அடிவாரம் வரைதான் கார். பிறகு நடை.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

நாகர்கோவிலில் இருந்து ஒரு பழைய அம்பாசிடர் டாக்சி வருகிறது. உள்ளே ஒரு குடும்பம். சித்திரை மாத வெயில். மார்த்தாண்டம் கடைவீதி நெரிசலில் கார் ஊர்ந்து வந்தது. பிறகு இரண்டாவது கியரில் ஏற்றம். அடிவாரத்தில் கார் நிற்கிறது. என்ஜின் உதறுகிறது. டிரைவரின் கண் எதிரே ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

டிரைவர், தனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக்குக்குப் போன் செய்கிறார்.

"ஆசானே, ஆயில் லைட்டு எரியுது. வண்டியும் கெடந்து உதறுது."

"என்ஜினை ஆப் பண்ணியாச்சா மக்கா?"

"இல்ல ஆசானே, ஓடிட்டுதான் கெடக்கு."

"முதல்ல அதை ஆப் பண்ணு. பெறவு பேசலாம்!"

அனுபவசாலி சொல்லும் முதல் வைத்தியம் இதுதான்.

ஒரு வினாடிக்கு 50 சுற்று

ஏன் இந்த அவசரம்?

கார் நடுத்தர வேகத்தில் போகும்போது, என்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க், நிமிடத்துக்கு 3 ஆயிரம் முறை சுற்றுகிறது. அதாவது, வினாடிக்கு 50 சுற்று! நான்கு பிஸ்டன்களும் அதை மாறி மாறி அடித்துத் தள்ளுகின்றன. வினாடிக்கு 100 அடிகள்.

இத்தனை அடியையும் தாங்குவது எது? பேரிங் என்ற மெல்லிய உலோகத் தகடு. அந்தத் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய் இருக்கும் வரை, இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை.

எண்ணெய் வற்றினால்? தகடு உரசும். சூடேறும். உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் குறைந்தால் கார் நிற்கும். வேறு கெடுதல் இல்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால், கார் ஓடிக்கொண்டே சாகும். ஆகவேதான், சிவப்பு விளக்கு எரிந்தால் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று நினைக்கக் கூடாது.

ஆப்பைத் தள்ளிய எண்ணெய்

எண்ணெய்க்கு இவ்வளவு பலம் உண்டா? 1883-ம் ஆண்டு வரை, என்ஜினீயர்களுக்கே அது சரியாகத் தெரியாது.

இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற என்ஜினீயர், பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பேரிங்கின் மேல் பாகத்தில் ஒரு துளை போட்டார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் போட்ட துளை அது. ஆனால், தண்டு சுற்றத் தொடங்கியதும், அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது! மரத்தால் ஆன ஆப்பு ஒன்றை வைத்து அடைத்தார். அந்த ஆப்பையும் எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிட்டது.

சுற்றும் தண்டு, எண்ணெயைத் தனக்கு அடியில் இழுத்துக்கொள்கிறது. அந்த எண்ணெய், தண்டையே தூக்கி நிறுத்துகிறது. கொட்டும் மழையில் வேகமாகப் போகும் காரின் டயர், சில சமயம் தரையை விட்டுத் தண்ணீர் மேல் வழுக்குகிறது அல்லவா? அதுபோலத்தான். சாலையில் அது ஆபத்து. என்ஜினுக்குள் அதுவே உயிர்.

தண்டை மிதக்க வைப்பது, தண்டின் சுழற்சி. மிதப்பதற்கு வேண்டிய எண்ணெயை இடைவிடாமல் கொண்டுவந்து கொடுப்பது, ஆயில் பம்ப்.

குழாயும் தண்ணீரும்

என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி இருக்கிறது. அதற்கு "சம்ப்" என்று பெயர். அங்கிருந்து ஒரு வலை வழியாக எண்ணெயைப் பம்ப் உறிஞ்சுகிறது. பில்டர் அதை வடிகட்டுகிறது. பிறகு, சிறு வாய்க்கால்கள் வழியாக எல்லாப் பேரிங்குகளுக்கும் எண்ணெய் போகிறது. கடைசியில் மேலே உள்ள வால்வுகள் வரை ஏறி, மீண்டும் தொட்டியிலேயே விழுகிறது.

அழுத்தம் எப்படி உண்டாகிறது? தெருக் குழாயை நினைத்துப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் குழாயை முழுவதும் திறந்துவிட்டால், கடைசி வீட்டில் தண்ணீர் சொட்டும். எல்லோரும் கொஞ்சமாகத் திறந்தால், கடைசி வீட்டிலும் வேகமாக வரும்.

பேரிங் தேய்ந்தால், குழாயை அகலத் திறந்தது மாதிரி. எண்ணெய் எளிதாக வழிந்து ஓடிவிடும். அழுத்தம் விழும். எண்ணெய் தண்ணீர்போல் இளகினாலும் அதே கதைதான்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

அம்பாசிடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வார்ப்பு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் அதைத் தயாரித்தது. 1950-களின் கடைசியில் வெளிவந்த அந்தக் காரின் உற்பத்தி, 2014-ம் ஆண்டு மே மாதம் நின்றது. பல ஆண்டுகள் அதில் இருந்தது, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். இன்று பழைய கார் பிரியர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் வண்டிகள் பலவற்றில் இருப்பதும் அதுதான்.

இந்த என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கார் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு சுமார் 50 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும். கார் நின்று, என்ஜின் மெதுவாக ஓடும்போது சுமார் 15 பவுண்டு இருக்கலாம். அழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 10 பவுண்டுக்குள் விழுந்தால்தான், சிவப்பு விளக்கு எரியும்.

அதாவது, விளக்கு எரியும்போது நோய் முற்றி இருக்கிறது என்று அர்த்தம்!

முதல் சோதனை

செலவே இல்லாத சோதனையில் இருந்து தொடங்க வேண்டும்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவுங்கள். துடைத்து மீண்டும் விட்டு எடுங்கள்.

எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் விளக்கு எரிந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. உறிஞ்சும் வாய் வெளியே தெரிகிறது.

எண்ணெயை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடிக்கிறதா? அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடி இருக்கிறதா? பெட்ரோல் கலந்துவிட்டது. அப்படியானால், என்ஜினை மறுபடி ஓடவிடக் கூடாது.

நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபிபோல் இருக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கிறது.

இந்த இரண்டு அடையாளங்களையும் மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

விளக்கு பொய் சொல்லுமா?

சொல்லும்! அழுத்தத்தை உணரும் சுவிட்ச், என்ஜினில் திருகப்பட்டிருக்கிறது. அதில் இருந்து ஒரே ஒரு வயர் விளக்குக்குப் போகிறது. என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்புங்கள். சுவிட்சில் இருந்து அந்த வயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், வயர் எங்கோ உரசி, காரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது. நோய் வயரில், என்ஜினில் அல்ல.

எதிர் மாதிரியான பொய்யும் உண்டு. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், பல்ப் போய்விட்டது. அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். காவல்காரனே இல்லாத வீடு அது.

விளக்கை நம்பி என்ஜினைப் பிரிக்கக் கூடாது. விளக்கை நம்பாமல் ஓட்டவும் கூடாது. பிறகு என்ன வழி? சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்ட வேண்டும். அது எண்ணில் பேசும். இரவல் வாங்கியாவது ஒரு முறை மாட்டிப் பார்க்க வேண்டும்.

மீட்டர் தரும் செய்தி

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, சூடேறிய பிறகு ஒரு முறை, வேகம் கூட்டி ஒரு முறை என்று மூன்று தடவை பாருங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிரில் நல்ல அழுத்தம், சூட்டில் குறைகிறது, வேகம் கூட்டினால் ஏறுகிறது. அப்படியானால் எண்ணெய் இளகி இருக்கலாம். அல்லது, பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம்.

எப்போதும் குறைவு, வேகம் கூட்டினாலும் ஏறவில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடி சிக்கி இருக்கலாம்.

முதலில் சரியாக இருந்து, வேகத்தில் போகும்போது திடீரென்று விழுகிறது. தொட்டியில் எண்ணெய் குறைவு. அல்லது, உறிஞ்சும் வலையைக் கசடு அடைத்திருக்கிறது.

குக்கர் வெயிட் மாதிரி

கட்டுப்படுத்தும் வால்வு என்றோம். அது என்ன?

வீட்டில் உள்ள குக்கரைப் பாருங்கள். ஆவி அதிகமானால், வெயிட் எழும்பி ஆவியை வெளியே விடுகிறது. வெயிட்டுக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை சிக்கிக்கொண்டால்? ஆவி ஒழுகிக்கொண்டே இருக்கும். சோறு வேகாது.

என்ஜினிலும் அப்படி ஒரு வால்வு உண்டு. ஒரு சிறு உருளை, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். அழுத்தம் மிஞ்சினால் வழிவிட்டு, எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். ஒரு துணுக்குக் கசடு சிக்கினால், வால்வு மூடாது. எண்ணெய் பேரிங்குக்குப் போகாமல் தொட்டிக்கே திரும்பும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. என்ஜினில், இந்த வால்வு என்ஜின் கட்டையின் இடது பக்கப் பின்புறத்தில், ஒரு தொப்பி நட்டுக்குள் இருக்கிறது. நட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். தொட்டியை இறக்க வேண்டியது இல்லை. சுத்தம் செய்து, தளர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினால் போதும். இதைப் பார்க்காமல் பேரிங்கைக் குறை சொல்வது, குக்கர் வெயிட்டைப் பார்க்காமல் அடுப்பையே மாற்றுவது மாதிரி!

உதறல் ஏன்?

இனி, இரண்டாவது நோய்.

நான்கு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு இழுக்காமல் நின்றால் எப்படி இருக்கும்? வண்டி குலுங்கும். என்ஜின் உதறலும் அதுதான். நான்கு சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். என்ஜின் மெதுவாக ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட குறட்டால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்ட வேண்டும். மின்சாரம் தாக்கக் கூடும். ஆகவே, பழகியவர்தான் செய்ய வேண்டும். எலெக்ட்ரானிக் முறைக்கு மாற்றிய வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு வயரைக் கழற்றியதும் உதறல் கூடினால், அந்த சிலிண்டர் நல்லது. கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால், அதுதான் நோயாளி!

அந்த பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரிபோல் கறுத்திருந்தால், பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால், பெட்ரோல் போதவில்லை.

பிறகு பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். டிஸ்டிரிபியூட்டர் மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு வயர்கள் மாறிப்போனாலே போதும், என்ஜின் பேயாட்டம் ஆடும்.

இரண்டு நோயா? ஒரே நோயா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழுத்தக் குறைவு ஒரு நோய், உதறல் இன்னொரு நோய் என்று நினைக்கிறார்கள். ஒன்றே மற்றொன்றை உண்டாக்கலாம்.

முதலாவது: ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், கார் நிற்கும்போது என்ஜின் மிக மெதுவாகச் சுற்றும். பம்பும் மெதுவாகச் சுற்றும். சூடான எண்ணெய் ஏற்கனவே இளகி இருக்கிறது. ஆகவே, அழுத்தம் விழுந்து விளக்கு சிமிட்டும். பாயிண்டைச் சரி செய்ததும் உதறல் நிற்கும், விளக்கும் அணைந்துவிடும். சிதறால் அடிவாரத்தில் நின்ற அந்த டாக்சிக்கு வந்தது இதுவாகவும் இருக்கலாம்!

இரண்டாவது: நெருப்புப் பிடிக்காத சிலிண்டரில், எரியாத பெட்ரோல் சுவர் வழியாகக் கீழே இறங்கி எண்ணெயில் கலக்கும். சோக்கு மூடியபடி சிக்கினாலும், பழைய பெட்ரோல் பம்பின் உள் ஜவ்வு கிழிந்தாலும் இதே விபத்துதான். எண்ணெய் தண்ணீராகிவிடும். கம்பியில் அடித்த பெட்ரோல் வாசனை ஞாபகம் இருக்கிறதா? கோளாறைச் சரி செய்துவிட்டு, எண்ணெயையும் பில்டரையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது: ஹெட் கேஸ்கட் எரிந்தால், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலக்கலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு பலம் இழக்கலாம். எண்ணெய் காபி நிறம் ஆவதும், என்ஜின் உதறுவதும் ஒரே காரணத்தால்தான்.

ஆகவே, உதறலைச் சரி செய்யாமல் அழுத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பலம் பார்க்கும் சோதனை

பிளக்கும் சரி, பெட்ரோலும் சரி. இன்னும் உதறுகிறதா? சிலிண்டரின் பலத்தை அளக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து, ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். நான்கு எண்களும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் குறைந்தால், அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால், பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால், வால்வு சரியாக மூடவில்லை.

வால்வு கெடுவதற்குப் பழைய கார்களில் தனிக் காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தைபோல் உதவியது. நச்சுப் புகையைத் தடுப்பதற்காக, இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ம் ஆண்டில் ஒழிந்தது. அது மக்களுக்கு நன்மை. ஆனால், பழைய என்ஜினின் வால்வு இருக்கை வேகமாகத் தேயக் கூடும். கெட்டியான இருக்கை வளையம் பொருத்துவது இதற்குப் பரிகாரம்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும், பம்பு ஜவ்வும் அதில் சீக்கிரம் கெடக் கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கெட்டி எண்ணெய் மோசடி

"கெட்டியான ஆயில் ஊற்றுங்கள், மீட்டர் ஏறிவிடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் நோய் போகாது. காலையில் குளிர்ந்த என்ஜினில், கெட்டி எண்ணெய் பேரிங்குகளைச் சென்று சேரத் தாமதம் ஆகும். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மட்டும் குளிர வைத்துக் காட்டுவது மாதிரிதான் இது!

பழைய கார் வாங்குவோர் உஷாராக இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். 20 நிமிடம் ஓட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, நிறுத்தி, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினைக் காட்டி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

நம் ஊர் வெப்பத்தில் இந்த என்ஜினுக்கு 20-டபிள்யூ-50 என்ற ரக எண்ணெயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கார்க் கம்பெனியின் புத்தகம் சொல்லும் ரகமே நல்லது.

பிரித்தே ஆக வேண்டுமா?

எண்ணெய் புதிது. வால்வு சுத்தம். உதறல் இல்லை. மீட்டர் மட்டும் சூட்டில் விழுகிறது. ஏற்றத்தில் என்ஜினின் அடியில் இருந்து "டொக்... டொக்..." என்று கனத்த சத்தம் வருகிறது. இப்போதுதான் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

தொட்டியை இறக்கி, பேரிங் மூடியைக் கழற்றுவார்கள். தண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை வைத்து, மூடியை முறுக்கித் திறந்தால், இழை நசுங்கி இருக்கும். அது எவ்வளவு அகலமாக நசுங்கியது என்பதைப் பார்த்து இடைவெளியைக் கணக்கிடலாம். கண்ணால் பார்த்து "தேய்ந்துபோச்சு" என்று சொல்வதை ஏற்க வேண்டாம். அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தண்டும் தேய்ந்திருந்தால், அதைக் கடைந்து சிறிதாக்குவார்கள். அதற்கு ஏற்ற தடித்த பேரிங் தகடுகள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் புதிது அல்ல. சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-ம் ஆண்டிலேயே தொடங்கியது. என்ஜின் பேரிங் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம், 1961-ம் ஆண்டு தொடங்கி, கோவையில் தொழிற்சாலை வைத்தது.

புதுப் பேரிங் போட்ட பிறகு ஒரு எச்சரிக்கை. உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான், என்ஜினுக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பழைய கார் வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒரு முறை எண்ணெய் அளவு. எண்ணெய் மாற்றிய தேதி. மீட்டர் இருந்தால், சூட்டில் காட்டிய எண். வீட்டில் படிக்கும் பிள்ளைகளே இதை எழுதலாம். இந்த மாதம் 18, அடுத்த மாதம் 15, அதற்கு அடுத்த மாதம் 11 என்று எண் இறங்கிக்கொண்டே வந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே நோய் தெரிந்துவிடும்.

வழியில் விளக்கு எரிந்தால், வரிசை இதுதான்:

முதலில் நிறுத்துங்கள். அடுத்து, கம்பியைப் பாருங்கள். பிறகு வயரைப் பாருங்கள். மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். கட்டுப்பாட்டு வால்வைச் சுத்தம் செய்யுங்கள். உதறலைச் சரி செய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் மீட்டர் ஏறவில்லை என்றால் மட்டும், என்ஜினைப் பிரிக்கச் சம்மதியுங்கள்.

அதற்கு முன் யாராவது ஸ்பேனரை எடுத்தால், "மீட்டர் என்ன காட்டியது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, அடகுக் கடைக்குப் போகும் நகையைக் காப்பாற்றக் கூடும்!